கட்டிப் போடுவதா, தடுப்புக் கதவா?

அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தபோது எங்கள் நாயை என்ன செய்வது என்று வீட்டில் பெரிய பேச்சு. "சங்கிலியில கட்டிப் போடு" என்றார் அப்பா. சரி, முதலில் அப்படித்தான் செய்தோம்.

சங்கிலிக்குச் செலவில்லை, உடனே கட்டிவிடலாம். ஆனால் கட்டிய நாயால் விலகிப் போக முடியாது. நாள் முழுக்கக் கிடந்தால் எரிச்சலும் ஏறும். குழந்தை தவழத் தொடங்கியதும் நேராக நாயின் சோற்றுத் தட்டுக்குத்தான் போனது. நாய் முகத்தைத் திருப்பியது, உதட்டை நக்கியது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தது. அப்புறம் உடம்பு அப்படியே விறைத்தது. அக்கா ஓடிவந்து குழந்தையைத் தூக்கிவிட்டாள். அந்த நாலு அடையாளமும் "கிட்ட வராதே" என்ற கெஞ்சல்தான்.

மறுநாளே தச்சரிடம் சொல்லி அறை வாசலில் மரத் தடுப்பு போட்டோம். சட்டங்களுக்கு நடுவே குழந்தையின் தலை நுழையக்கூடாது, நாய் தாண்டவும் கூடாது. இப்போது நாய் குழந்தையை மோப்பம் பிடித்துப் பழகுகிறது, வேண்டாமென்றால் எழுந்து போய்விடுகிறது.

என் ஓட்டு தடுப்புக்குத்தான். அதைத் திறந்தால் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். நாய் உறுமினால் தயவுசெய்து அடிக்காதீர்கள். அடுத்த முறை உறுமாமலே கடிக்கலாம். பல் பட்டு லேசாகக் கீறினாலும் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.