முதல் கவிதை: வெண்பாவா, புதுக்கவிதையா, ஹைக்கூவா, கும்மியா?

கவிதை எழுத ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், படிக்கணுமா வேண்டாமா என்பதுதான். கோவையில் இது பழைய வழக்கு. 1971-ல் இங்கிருந்து கிளம்பிய ‘வானம்பாடி’ இதழ் புதுக்கவிதையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. அதைப் பார்த்துவிட்டு ‘இலக்கணமே தேவையில்லை’ என்று முடிவுகட்டியவர்கள் நிறைய. ஆனால் அந்த வட்டத்திலிருந்த கவிஞர்கள் சிற்பியும் மு. மேத்தாவும் தமிழ்ப் பேராசிரியர்கள். யாப்பு தெரியாமல் மீறியவர்கள் இல்லை.

என் கட்சி இதுதான்: தப்பு செய்தால் உடனே காட்டிக்கொடுக்கிற வடிவத்தில் தொடங்கணும். மில் சங்கு என்ற ஒரே விஷயத்தை நாலு வடிவத்திலும் வைத்துப் பார்ப்போம்.

வெண்பாவில் சின்னது குறள் வெண்பா. இரண்டு அடி, ஏழு சீர் (அசைகள் சேர்ந்த துண்டுதான் சீர்). எழுத உட்கார்ந்தால் ‘நொய்யல் ஆற்றோரம்’ என்றுதான் முதலில் வாயில் வரும். நொய்யல் என்பது தேமா, மாச்சீரில் ஒரு வகை. மாச்சீருக்கு அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். ‘ஆற்’ ஒரே எழுத்தும் ஒற்றும் சேர்ந்த நேரசை, ஆக தளை (சீரோடு சீர் சேரும் கட்டு) தட்டிவிட்டது. ‘கரையோரம்’ என்று மாற்றினால் ‘கரை’ இரண்டு எழுத்து சேர்ந்த நிரையசை, சரியாகிவிடும். இரண்டாம் அடிக்கு எதுகை (இரண்டாம் எழுத்து ஒத்து வருவது) வேண்டும். நொய்யலுக்குச் சேர்கிற சொல்லாகப் பொய், மெய், கொய்யா என்று தேடிக்கொண்டே போனால் ‘நெய்ய’ வந்து நிற்கிறது.

நொய்யல் கரையோரம் நூற்பாலைச் சங்கொலியில்
நெய்யத் துயிலெழும் ஊர்.

தறி இந்தக் குறளுக்குள் வந்ததே எதுகை தேடப் போனதால்தான். மனசில் இல்லாத ஒன்றைக் கட்டுப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் என்பதை வெண்பா எழுதாமல் நம்ப மாட்டீர்கள். திருத்தித் தர ஆள் இல்லையென்றால் இணையத்தில் ‘அவலோகிதம்’ என்ற யாப்பு மென்பொருள் இருக்கிறது. பாட்டை உள்ளிட்டால் சீர் பிரித்துத் தளையைக் காட்டிவிடும். படிக்க யாப்பருங்கலக்காரிகை என்ற பழைய யாப்பு நூல். (நம்ம சீனாபுரத்துப் பவணந்தியார் நன்னூலில் எழுத்தும் சொல்லும்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. யாப்புக்கு அவரிடம் போக முடியாது.)

குறை என்னவென்றால், ஆரம்பத்தில் சீர் நிரம்பாத இடத்திலெல்லாம் ‘ஆங்கே’, ‘தானே’ என்று அடைக்கத் தோன்றும். தளை சரியாக இருக்கும், பாட்டு செத்துக் கிடக்கும். பேசுகிற மொழியும் இதற்குள் லேசில் அடங்காது.

புதுக்கவிதையில் அந்தத் தொல்லை இல்லை.

காலை ஆறு மணி.
மில் சங்கு ஊதியது.
அப்பா
சைக்கிளை எடுத்தார்.

இதை அப்படியே ஒரே வரியாகச் சேர்த்து எழுதிப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அது மடக்கி எழுதிய உரைநடை. மேலே இருப்பது அதுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டால் பத்து பேர் கைதட்டும் படம் அனுப்புவார்கள், ஒருத்தரும் இதைச் சொல்ல மாட்டார்கள். புதுக்கவிதை மட்டமான வடிவம் என்று நான் சொல்லவில்லை. தப்பை நாமே கண்டுபிடிக்கிற காது வந்த பிறகு அதில் இறங்கலாம்.

ஹைக்கூ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானிய மூலத்தில் 5, 7, 5 என்று அசைக்கணக்கு உண்டு. பாரதியார் 1916-லேயே அதைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தி எழுதினார். தமிழில் பெரும்பாலும் அந்தக் கணக்கை விட்டுவிட்டு மூன்று வரியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மூடிய மில்.
வாசல் டீக்கடையில்
சங்கு நேரத்துக்குக் கூட்டம்.

இப்படி ஒன்று தேற, தேறாதது நோட்டு நிறையக் கிடக்கும். எது தேறியது என்று புதிதாக எழுதுகிறவருக்குத் தெரியாது. மூன்று வரிதான் வேண்டும் என்பவர்கள் சென்னிமலைக்காரரான ஈரோடு தமிழன்பன் தமிழுக்குக் கொண்டுவந்த லிமரைக்கூவை எடுக்கலாம். அதில் முதல் வரியும் கடைசி வரியும் இயைபில் (ஒரே ஒலியில்) முடியணும் என்ற ஒரு பிடியாவது இருக்கிறது.

கும்மியை யாரும் இந்தப் போட்டியில் சேர்ப்பதே இல்லை. கொங்கு ஊர்களில் கோயில் திடல்களில் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடந்துகொண்டே இருக்கிறது. வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீயும் அறிவித்தார்கள். ஆனாலும் கவிதை எழுத வருகிறவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

சங்கு முழங்குது மில்லுக்குள்ளே – அந்தச்
சத்தத்தில் ஊரே முழிச்சிருச்சு!

முழிச்சிருச்சு என்று பேசுகிற மாதிரியே எழுதலாம், மெட்டு தாங்கும். சங்கு, சத்தம் என்று மோனையும் (முதல் எழுத்து ஒத்து வருவது) தானாக விழும். நேர் நிரை தெரிய வேண்டியதில்லை, கைத்தட்டுத்தான் கணக்கு. ‘சத்தத்தில் ஊர்சனம் எல்லாரும் முழிச்சிருச்சு’ என்று நீட்டினால் ஆடுகிறவர்களின் அடி தடுமாறும். “ஏனுங்க, இந்த எடத்துல இடிக்குதுங்க” என்று கும்மி வாத்தியார் அப்போதே சொல்லிவிடுவார்.

அதனால் என் வரிசை: முதலில் கும்மி, கூடவே மாதத்துக்கு ஒரு குறள் வெண்பா, அப்புறம் புதுக்கவிதை, கடைசியாக ஹைக்கூ. பள்ளியில் நல்ல தமிழாசிரியர் வாய்த்த பிள்ளைகள் நேராக வெண்பாவுக்கே போகலாம். மற்றவர்கள் பக்கத்து ஊரில் கும்மிப் பயிற்சி எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டு, நாலு அடி எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.