சூடாக்குவது எளிது, நிறுத்துவதுதான் பாடு: மீன் தொட்டி ஹீட்டரோடு சில குளிர்காலங்கள்

என்னிடம் இருப்பது 120 லிட்டர் கண்ணாடித் தொட்டி. ஒரு ஜோடி ஏஞ்சல், ஒரு கூட்டம் டெட்ரா, தரையைக் கிளறிக்கொண்டே இருக்கும் கோரிடோராஸ், கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும் சின்ன சக்கர் மீன் ஒன்று. எல்லாமே 25, 26 டிகிரி செல்சியஸில் நிம்மதியாக இருப்பவை. குளிர்காலத்தில் தொட்டி இருக்கும் அறை இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆக, தண்ணீரை அறையைவிடப் பத்து டிகிரி மேலே பிடித்து வைக்க வேண்டும். அந்தப் பத்து டிகிரிக்காகப் பல குளிர்காலங்களாக என்னென்ன பொருட்களைப் பயன்படுத்தினேன், எது நின்றது, எது காலை வாரியது என்பதைச் சொல்கிறேன்.

ஹீட்டர் வாங்கப் போனால் முதலில் காதில் விழும் கணக்கு ‘லிட்டருக்கு ஒரு வாட்’. தண்ணீர் அறையைவிட ஐந்தாறு டிகிரி கூட இருந்தால் போதும் என்பவர்களுக்கு அது சரி. பத்து டிகிரி வேண்டுமென்றால் அது பற்றாது. 120 லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 500 கிலோஜூல் வேண்டும். 100 வாட் ஹீட்டர் இடைவிடாமல் எரிந்தால் அதற்கே ஒன்றரை மணி நேரம் போல ஆகும், அதுவும் வெளியே வெப்பம் துளியும் கசியாவிட்டால். நடுக்குளிரில் என் 100 வாட் ஹீட்டரின் விளக்கு விடிய விடிய அணையாது. அப்படியும் தண்ணீர் 22ஐத் தாண்டாது. ஹீட்டரில் கோளாறு இல்லை, அதன் சக்தி அவ்வளவுதான்.

அதனால் 200 வாட்டுக்கு மாறினேன். வழக்கமான கண்ணாடிக் குழாய் வகை. உள்ளே பீங்கானில் சுற்றிய கம்பி, அதன் மேலே இரட்டை உலோகப் பட்டை. குளிர்ந்தால் பட்டை வளைந்து தொடுமுனையைத் தொடும், ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், ஆரஞ்சு விளக்கு எரியும். சூடேறினால் பட்டை விலகும், விளக்கு அணையும். பார்க்க எளிமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு முறை தொட்டு விலகும்போதும் அந்த முனையில் ஒரு பொறி பறக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தால் நீல நிறத்தில் தெரியும். நாளுக்குப் பல தடவை பறக்கும் அந்தப் பொறி, முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கித் தின்றுவிடும். ஒரு நாள் இரண்டு முனையும் ஒட்டிக்கொள்ளும்.

என் ஹீட்டருக்கும் அதுதான் நடந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இந்த அமைப்பில் எந்த ஹீட்டருக்கும் வரக்கூடியதுதான். ஒரு மதியம் பார்த்தால் ஏஞ்சல் இரண்டும் ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தெர்மாமீட்டர் 32 காட்டியது. எத்தனை டிகிரி வேண்டும் என்று அமைக்கும் ஹீட்டரின் திருகு 25இல்தான் நிற்கிறது, விளக்கோ எரிந்துகொண்டே இருக்கிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், மீனின் உடலோ சூட்டில் அதிகமாகக் கேட்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஏர் பம்பை முழு வேகத்தில் வைத்தேன், தானாகவே மெல்ல இறங்கட்டும் என்று விட்டேன். ஐஸ் எதுவும் போடவில்லை. மீன்கள் பிழைத்தன.

இதில் கவனிக்க வேண்டியது, அது நடந்த நேரம். ஒட்டிக்கொண்ட ஹீட்டர் கடுங்குளிர் இரவில் தன்னைக் காட்டிக்கொடுக்காது. அறை 15இல் இருக்கும்போது 200 வாட்டும் ஓயாமல் எரிந்தால்தான் 25 வரும். குளிர் தளர்ந்து, பகலில் அறை 22, 23க்கு ஏறும் நாளில்தான் அதே 200 வாட் மீனை வேகவைக்கும். குளிர்கால முடிவில் பலருக்கு மீன் சாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பழி மட்டும் ‘கிளைமேட் மாறிடுச்சு’ என்று வேறெங்கோ போய்விடும்.

அதன்பின் ஒரே 200 வாட்டுக்குப் பதில் இரண்டு 100 வாட் வைத்தேன், தொட்டியின் இரு முனையிலும் ஒவ்வொன்று. இந்த மாற்றத்தைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். ஒன்று செத்துப்போனால் மற்றது 20, 21 வரையாவது தாங்கும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் அதனால் தனியாகத் தொட்டியைக் கொதிக்க வைக்க முடியாது, ஏதோ சரியில்லை என்று நாம் கவனிக்க நேரம் கிடைக்கும்.

அப்புறம் கண்ட்ரோலர், அதாவது தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஹீட்டருக்குக் கரன்ட் கொடுத்து நிறுத்தும் பெட்டி. சென்சார் வயர் தண்ணீரில், பெட்டி வெளியே, ஹீட்டர் பிளக் அந்தப் பெட்டியில். கண்ட்ரோலரை 25இலும் ஹீட்டரின் திருகை 27இலும் வைத்திருக்கிறேன். அன்றாட வேலையைக் கண்ட்ரோலர் பார்க்கிறது, ஹீட்டரின் பட்டை அனேகமாக அசைவதே இல்லை, அதனால் தேய்வதும் இல்லை. கண்ட்ரோலரின் ரிலே (உள்ளே கரன்டைச் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டால் 27இல் பட்டை அறுத்துவிடும். சிலர் கண்ட்ரோலர் இருக்கிறதே என்று ஹீட்டரின் திருகைக் கடைசிவரை திருகி வைக்கிறார்கள். அப்படி வைத்தால் இரண்டாவது காவலை நாமே வீட்டுக்கு அனுப்பியதுபோலத்தான். சென்சாரைப் பிடித்திருக்கும் ரப்பர் ஒரு வருடத்தில் இறுகிப் பிடி விட்டுவிடும். சென்சார் நழுவித் தண்ணீருக்கு வெளியே தொங்கினால், அறைக் காற்றின் குளிரைத் தண்ணீரின் குளிர் என்று நம்பி கண்ட்ரோலர் ஹீட்டரை எரித்துக்கொண்டே இருக்கும். நான் ரப்பரை நம்பாமல் வயரை ஃபில்டர் குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.

இத்தனை எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து கொடுக்காத பலனைக் கொடுத்தது ஒரு கண்ணாடி மூடி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது, மீதி 120 லிட்டரை ஏறக்குறைய ஐந்து டிகிரி சூடாக்கப் போதுமான வெப்பத்தைக் கையோடு கொண்டுபோய்விடும். குளிர்காலக் காற்று வறண்டது, தண்ணீரோ சூடானது. மூடி இல்லாத தொட்டியில் நீர்மட்டம் இறங்குவதை விரலால் அளக்கலாம். மூடி போட்ட பிறகு ஹீட்டர் எரியும் நேரம் கண்கூடாகக் குறைந்தது. ஃபைட்டர், கௌராமி போல மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்களுக்கு மூடி இன்னொரு வகையிலும் நல்லது. நீருக்கு மேலிருக்கும் காற்றும் கதகதப்பாக இருக்கும். முழுக்க அடைக்காமல் ஓர் ஓரத்தில் இடைவெளி விட்டால் போதும்.

பின்பக்கத்திலும் இரு பக்கங்களிலும் ஓரங்குலத் தெர்மோகோல் ஒட்டினேன். அழகாக இருக்காது, பின்புறத்துக்குக் கறுப்புத் தாள் ஒட்டி மறைத்துக்கொண்டேன். மூடியும் தெர்மோகோலும் வந்த பிறகு இரண்டு ஹீட்டரும் ஒரே நேரத்தில் எரிவது விடியற்காலையில் மட்டும்தான்.

தெர்மாமீட்டர் விஷயத்தில் ஒன்று மட்டும். கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் பட்டையைக் குளிர்காலத்தில் நம்பாதீர்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் குளிர்ந்த அறை, அது இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். தண்ணீருக்குள் நிற்கும் தெர்மாமீட்டர் ஒன்றை ஹீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஹீட்டர் இருக்க வேண்டிய இடம் ஓட்டம் உள்ள இடம், ஃபில்டர் வாய்க்குப் பக்கத்தில். நான் படுக்கைவாட்டில் தாழ வைத்திருக்கிறேன், தண்ணீர் மாற்றும்போது வெளியே தெரியாது. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், தண்ணீர் எடுப்பதற்குக் கால்மணி நேரம் முன்பே பிளக்கை எடுத்துவிடுவேன். சூடான குழாய் காற்றில் நின்று, அதன் மேல் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும். வயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. ஈ.எல்.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத லைனில் ஹீட்டர் போடாதீர்கள், இதில் பேரம் கிடையாது.

உடைகிற கண்ணாடிக்கு மாற்றாக டைட்டானியம் ஹீட்டரும் கொஞ்ச காலம் ஓட்டினேன். குழாய் உடையாது, சக்கர் மீன் இடித்தாலும் கவலை இல்லை. ஆனால் பல மாடல்களில் உள்ளே தெர்மோஸ்டாட் (அந்த இரட்டைப் பட்டை போல, சூடேறினால் தானாக அணைக்கும் அமைப்பு) இல்லை, முழுப் பொறுப்பும் கண்ட்ரோலர் தலையில். இரண்டாவது காவல் வேண்டும் என்று நினைக்கும் எனக்கு அது ஒத்துவரவில்லை. கண்ணாடிக்கே திரும்பி, மேலே பிளாஸ்டிக் கூண்டு மாட்டிவிட்டேன். சக்கர் மீன் சூடான குழாயில் ஒட்டிக்கொண்டு வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்வதற்குக் கூண்டு ஒன்றே மருந்து.

சூடு பற்றாதபோது மீன்கள் சொல்லிவிடும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஓரத்தில் நிற்கும், தீனி போட்டால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும். அப்போது தீனியைக் குறைக்க வேண்டும். அவற்றுக்குச் செரிக்காது, ஃபில்டரில் கழிவைத் தின்னும் பாக்டீரியாவும் குளிரில் மந்தமாகத்தான் இருக்கும். வெப்பம் ஏறி இறங்கும் தொட்டியில் வெள்ளைப் புள்ளி நோய் வர அதிக நாள் பிடிக்காது. நிலையான 24, ஆடுகிற 26ஐவிட மேல்.

கரன்ட் போனால்? மூடியும் தெர்மோகோலும் உள்ள 120 லிட்டர் மெதுவாகத்தான் ஆறும். மேலே ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு, முதலில் பேட்டரி ஏர் பம்பைத் தேடுவேன், ஏனென்றால் காற்றுதான் முதல் அவசரம். வெந்நீர் பாட்டில் மிதக்க விடும் யோசனை பெரிய தொட்டிக்கு அவ்வளவாக உதவாது. ஒரு லிட்டர் பாட்டிலில் 60 டிகிரி தண்ணீர் வைத்தால் 120 லிட்டரில் கூடுவது 0.3 டிகிரிதான். அதையே 20 லிட்டர் ஃபைட்டர் தொட்டியில் வைத்தால் இரண்டு டிகிரிக்குக் கிட்டே ஏறிவிடும், பாதியில் எடுத்துவிட வேண்டியிருக்கும்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. குழாயில் படியும் சுண்ணாம்பை வினிகரில் ஊறவைத்துத் துடைத்தால் போகும். கண்ணாடிக்கு உள்ளே ஈரம் கோத்திருந்தால் எவ்வளவு புதிதாக இருந்தாலும் குப்பைக்குத்தான். குளிர் தொடங்கும் முன் ஒவ்வொரு ஹீட்டரையும் ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டு, கண்ட்ரோலர் இல்லாமல் நேராக பிளக்கில் சொருகி, 25இல் வைத்து ஒரு பகல் ஓடவிடுவேன். அடிக்கடி தண்ணீரைக் கலக்கிவிட்டு தெர்மாமீட்டரைப் பார்ப்பேன். இந்த வருடம் ஒன்று 25இல் நின்றது. மற்றது 28 தாண்டியும் விளக்கு அணையவில்லை, அதன் இடத்தில் புதியது வந்துவிட்டது.