அட்டைப் பெட்டியா, ஹெட்செட்டா?

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. தரம் 8 பிள்ளைகளுக்கு இதயத்தின் அறைகளை மெய்நிகர் காட்சியாகக் காட்ட வேண்டும். கூகுள் 2014இல் கொண்டுவந்த அட்டைப் பெட்டி போதுமா, மெட்டா குவெஸ்ட் 2 மாதிரி, தலையில் மாட்டிக் கண்ணால் பார்க்கும் ஹெட்செட் வேண்டுமா?

பெட்டி என்பது மடித்த அட்டை, இரண்டு லென்ஸ், உள்ளே நம் போன். அவ்வளவுதான். பிள்ளைகளே வெட்டி ஒட்டிவிடுவார்கள். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். ஆனால் எழுந்து நடந்தால் காட்சி நம்மோடு நகராது. போனில் ஜைரோஸ்கோப் (போன் திரும்புவதை உணரும் உறுப்பு) இல்லாவிட்டால் திரும்புவதும் சந்தேகம்தான். மலிவு போன்கள் பலவற்றில் அது கிடையாது, முதலில் அதைப் பாருங்கள். வீடியோவை டவுனிலேயே இறக்கிக்கொண்டு வந்தால், மலையில் சிக்னலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

2020இல் வந்த குவெஸ்ட் 2 வேறு உலகம். இதயத்தைக் கையால் தூக்கித் திருப்பலாம், சுற்றி நடந்தும் பார்க்கலாம். ஆனால் அரைக் கிலோ எடை, சார்ஜ் இரண்டு மூன்று மணி நேரம். 40 பிள்ளைகளுக்கு ஒன்று என்றால், 40 நிமிடப் பாடவேளையில் ஆளுக்கு ஒரு நிமிடம்! மாட்டிக் கழற்றவே அது போய்விடும்.

குளிர் காலையில் இரண்டிலும் ஒரே தொல்லை: முகத்தில் வைத்ததும் லென்ஸில் ஆவி படியும். சட்டை நுனியால் தேய்த்தால் கீறல் விழும். மூக்குக்கண்ணாடித் துணி ஒன்று பையில் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், இதயத்துக்குப் பெட்டிதான். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் சாதாரண தரப் (O/L) பிள்ளைகள் மெய்நிகர் காட்சியில் அமிலம் ஊற்றிப் பழகவேண்டுமென்றால், சரி, அப்போது ஹெட்செட்டுக்குக் காசு சேர்க்கலாம்.