மவுஸா, விரல் சென்சாரா? கவனத்தை அளக்கக் கையைப் பின்தொடரும் இரண்டு வழிகள்

'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு எழுத்தில் காட்டி, எழுத்தின் நிறம் என்ன என்று கேட்டால் யாருமே ஒரு கணம் தடுமாறுவார்கள். 1935-இல் ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் வெளியிட்ட பழைய சோதனைதான். இதைப் பட்டன் வைத்துச் செய்தால் எவ்வளவு தாமதம் என்பது மட்டும் கிடைக்கும். நடுவில் மனம் எந்த விடைப் பக்கம் சாய்ந்தது என்று பார்க்க, திரையில் உள்ள விடைகளில் ஒன்றை நோக்கிக் கை போன பாதை வேண்டும்.

அதற்கு வழி இரண்டு. ஒன்று, மவுஸ் கர்சரைப் பதிவு செய்வது. 'கேண்டில்' என்று காதில் விழும்போது திரையில் மெழுகுவர்த்தியோடு மிட்டாய் படமும், அதாவது 'கேண்டி'யும், இருந்தால் கர்சர் மிட்டாய்ப் பக்கம் சற்று இழுபடுகிறது என்று ஸ்பைவி என்ற ஆய்வாளரின் குழுவினர் 2005-இல் காட்டினார்கள். இன்னொன்று, விரல் நுனியில் மின்காந்த சென்சாரை ஒட்டி, திரையையே தொடச் சொல்வது. நான் எடுத்தது மவுஸ்.

விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மவுஸ் எல்லா மேசையிலும் இருக்கிறது, கர்சர் பாதையைப் பதிவு செய்யும் மவுஸ்டிராப் போன்ற மென்பொருள் இலவசம். சென்சாரில் கையின் முப்பரிமாணப் பாதை கிடைக்கும், அசைவும் இயல்பானது. ஆனால் பக்கத்தில் இரும்பு மேசை இருந்தாலே அளவு பிசகும். ஆள் மாறும்போதெல்லாம் அளவைச் சரிபார்க்கவும் வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம் இல்லை, கை எப்போது கிளம்புகிறது என்பதுதான். சொல் தோன்றியதும் ஆள் கையை அசைக்காமல் யோசித்து, விடை தெரிந்த பிறகு நகர்த்தினால் கோடு நேராகத்தான் போகும். தடுமாற்றம் முழுக்கக் கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிட்டது. பாதையில் பார்க்க ஒன்றுமில்லை. அதனால் விதியைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் கர்சரை மேலே நகர்த்து, தொடக்கக் கட்டத்துக்குச் சற்று மேலே உள்ள கோட்டைத் தாண்டினால்தான் சொல் தோன்றும். தொடக்க விதி மாறினால் பாதைகளின் வடிவமே மாறுகிறது என்று ஷெர்பாம், கீஸ்லிக் என்ற ஆய்வாளர்கள் 2018-இல் விரிவாகவே காட்டியிருக்கிறார்கள். மவுஸில் இது சில வரி நிரல். சென்சாரிலும் முடியும், ஆனால் விரலின் இடத்தை அந்தந்தக் கணமே படித்து, கை நடுக்கத்தை அசைவு என்று எண்ணிவிடாமல் திரையை மாற்ற வேண்டும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. எர்ப் குழுவினர் 2016-இல் விரல் அசைவை வைத்துச் சொன்னது: கிளம்ப எடுக்கும் நேரம், அவசரமாகக் கையை நகர்த்தாமல் மனம் பிரேக் போடுவதைக் காட்டுகிறது, பாதையின் வளைவு, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் காட்டுகிறது. என் விதியில் முதல் அளவு கையைவிட்டுப் போகிறது. உங்கள் கேள்வியே அந்தப் பிரேக்கைப் பற்றியது என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள், சென்சாருக்கே போங்கள்.

மவுஸ் எடுப்பவர்கள், விண்டோஸில் கர்சர் வேகத்தைக் கையின் வேகத்துக்கேற்பக் கூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். கை போன தூரமும் கர்சர் போன தூரமும் ஒத்துவராது. லேப்டாப் டச்பேடும் வேண்டாம்.

நான் சோதித்ததெல்லாம் கல்லூரி மாணவர்களை வைத்துத்தான். சின்னக் குழந்தைகளிடமும், மவுஸ் பிடித்தே பழகாத பெரியவர்களிடமும் எப்படி என்று அனுபவத்தில் சொல்லத் தெரியாது. அவர்களுக்கு விரலால் தொடுவதுதான் சரிப்படும் என்று தோன்றுகிறது.