சால்மன் ஏணியா, மூன்று சென்டிமீட்டர் விளிம்பா?

'சாசுகே' என்ற ஜப்பானியத் தடை தாண்டும் போட்டியின் ரசிகர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. உடும்புப் பிடி உள்ளவர் யார் என்று காட்டிக்கொடுப்பது, கம்பியோடு தாவி ஏறும் இரண்டாம் கட்டத்துச் சால்மன் ஏணியா, குறுகிய விளிம்பில் விரல்நுனியால் தொங்கிக் கடக்கும் மூன்றாம் கட்டத்துக் கிளிஃப்ஹேங்கரா? என் ஓட்டு கிளிஃப்ஹேங்கருக்கு. இருந்தாலும் ஏணியின் கட்சியையும் கேட்டுவிடலாம்.

ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சியில் 1997-இல் தொடங்கிய போட்டி இது. நூறு பேர் இறங்குவார்கள். நான்கு கட்டங்களையும் ஒருவரும் முடிக்காமல் போவதுதான் அங்கே வாடிக்கை. 2006-இல் மகோட்டோ நகானோ என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் முடித்துக்காட்டினார். எவராவது வென்றுவிட்டால் தடங்களைப் பிரித்துக் கடினமாக்கிக் கட்டுவது நிகழ்ச்சிக்காரர்களின் வழக்கம். அப்படி 2007-இல் முளைத்ததுதான் சால்மன் ஏணி. மீனவர் வென்ற மறு ஆண்டே மீன் பெயரில் ஒரு தடை! அதே முறை கிளிஃப்ஹேங்கரும் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பி வந்தது.

ஏணியின் வேலை எளிதாகப் புரியும். இருபுறமும் கொக்கிகள், அவற்றின் மேல் கிடக்கும் ஒரு கம்பி. அதில் தொங்கியபடியே உடலை மேலே வீசி, கம்பியோடு அடுத்த கொக்கிக்குத் தாவ வேண்டும். ஆற்றை எதிர்த்துத் துள்ளும் சால்மன் மீனைப் போல. ஒரு பக்கம் மாட்டி மறுபக்கம் நழுவினால் கம்பி சாய்ந்து நிற்கும். அதிலிருந்து மீள்பவர்களும் உண்டு, தண்ணீரில் விழுபவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு தாவலுக்கும் 'டங்' என்ற சத்தம். தொலைக்காட்சிக்கென்றே செய்தது போலிருக்கும்.

ஆனால் அங்கே விரல்களுக்கு என்ன வேலை? கம்பி உருண்டையானது. உள்ளங்கை முழுதும் சுற்றிக்கொள்ளலாம், கட்டைவிரலால் பூட்டும் போடலாம். தாவலை உண்டாக்குவது முதுகும் தோளும் இடுப்பும். முழங்காலை மடித்து வேகமாக இழுத்து, உடல் எடையற்றுப் போகும் அந்தக் கண நேரத்தில் கம்பியைத் தூக்கி வைப்பதுதான் சூட்சுமம். அந்தக் கணத்தில் கைக்கும் ஒரு சிறு விடுதலை கிடைக்கிறது. அடுத்த கொக்கியில் கம்பி விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் வேலை பிடிக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கு மேல் இது தாளக்கட்டின் விளையாட்டு. 152 சென்டிமீட்டர் உயரமே உள்ள கேசி கட்டன்சாரோ 2014-இல், சாசுகேயின் அமெரிக்கப் பதிப்பான 'அமெரிக்கன் நிஞ்ஜா வாரிய'ரின் நகர இறுதிச் சுற்றை முழுதாக முடித்த முதல் பெண் ஆனபோது, அவர் இந்த ஏணியில் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

கிளிஃப்ஹேங்கரில் சுற்றிப் பிடிக்க எதுவுமே இல்லை. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு விளிம்பு. விரலின் முதல் கணுவும் கொஞ்சமும் உட்காரும். கட்டைவிரல் வேலையில்லாமல் நிற்கும். பக்கவாட்டில் நகர ஒரு கையை எடுத்தால் அந்த நொடியில் முழு எடையும் மற்றக் கையின் நான்கு விரல்நுனிகளில். பிற்கால வடிவங்களில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் விளிம்புக்கு அந்தரத்தில் திரும்பித் தாவ வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் என்ன மனநிலையில் இருந்தாரோ.

விரலை மடக்கும் முக்கியத் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறுபோல் விரல்வரை ஓடுகின்றன. அவை எலும்பை விட்டு விலகாமல் சிறு வளையங்கள் பிடித்துவைத்திருக்கின்றன. பாறை ஏறுபவர்களுக்கு அடிக்கடி அடிபடும் இடம் இந்த வளையங்கள்தான். முன்கைத் தசை விடாமல் இறுகியிருந்தால் அதற்குள் ஓடும் ரத்தம் தடைபடுகிறது. கை வீங்கி, மரத்து, மூளை 'பிடி' என்று கத்தினாலும் விரல் தானாக விரிகிறது. விழுபவரின் முகத்தில் வலியைவிட ஆச்சரியம் தெரிவது இதனால்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஏணியின் கட்சிக்காரர்கள் கடிகாரத்தைக் காட்டுவார்கள். இரண்டாம் கட்டத்துக்கு நேர வரம்பு உண்டு, மூன்றாம் கட்டத்துக்குக் கிடையாது. நிதானமாகத் தொங்கலாமே என்பார்கள். தொங்கிப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அங்கே கடிகாரம் முன்கைக்குள் ஓடுகிறது. அவர்களுடைய வேறொரு வாதம் நியாயமானது: மூன்றாம் கட்டம் முழுக்கவே கைகளைக் கரைக்கும் தடைகள் நிறைந்தது, கிளிஃப்ஹேங்கரை அடையும்போதே பாதி பலம் போயிருக்கும். ஆகவே அங்கே நடக்கும் வீழ்ச்சிகள் எல்லாவற்றையும் அந்த விளிம்பின் கணக்கிலேயே எழுதக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன்.

யாருக்கு எது ஒத்துவரும் என்பது தனிக் கதை. எடை கூடிய, வெடிப்புச் சக்தி உள்ள உடலுக்கு ஏணி இரக்கம் காட்டும், விளிம்பு காட்டாது. 2015-இல் அமெரிக்கப் போட்டியின் பத்து லட்சம் டாலர் பரிசைக் கொண்டுபோன ஐசக் கால்டியரோ பாறை ஏறுபவர் என்பது தற்செயல் இல்லை.

பயிற்சிக்கு வரும்போது இரண்டுக்கும் உள்ள தூரம் இன்னும் கூடுகிறது. கம்பியில் தொங்கிப் பத்துப் பன்னிரண்டு முறை உடலை மேலே இழுக்க முடிந்தவருக்கு ஏணியின் உத்தி பழகப் பழகக் கைவந்துவிடும். விரல்நுனி வலு அப்படி வராது. தசை வேகத்தில் தசைநாண் வளர்வதில்லை. அவசரப்பட்டால் முதலில் சொன்ன வளையம் கிழியும். நிகழ்ச்சி பார்த்த வேகத்தில் கதவு நிலையின் மேல் பட்டையில் தொங்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பட்டை கையோடு வந்துவிடும், வேண்டாம். விரல்நுனியால் தொங்கிப் பழகுவதற்கான பயிற்சிப் பலகை ஒன்றைச் சுவரில் உறுதியாகப் பொருத்துங்கள். முதல் சில மாதங்களுக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு, எடையில் பாதியைக் காலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.