ரெண்டு வருஷமா பாம்பன் காத்துல போட்டு ஓட்டுன சைக்கிள் உடுப்பு

சைக்கிளுக்குன்னே தனியா உடுப்பு வாங்கி ரெண்டு வருஷமாச்சு. வீடு தங்கச்சிமடம். வார நாள்ல பாம்பன் பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவேன், ஞாயித்துக்கிழமைன்னா தனுஷ்கோடி தாண்டி ரோடு முடியுற அரிச்சல்முனை, ராமேஸ்வரத்துலருந்து கணக்குப் பண்ணாலே போக வர 40 கிலோமீட்டரத் தாண்டும். முன்னாடியெல்லாம் சுடிதார்தான், ஒரு நாள் துப்பட்டா நுனி பின் சக்கரத்துல சுத்தி கழுத்த இழுத்துருச்சு, அன்னைக்கோட அத விட்டேன்.

மொதல்ல வாங்குனது உக்கார்ற எடத்துல மெத்து மெத்துன்னு பேட் வச்ச ஷார்ட்ஸ். அதுக்குள்ள ஜட்டி போடக்கூடாதுன்னு யாருமே சொல்லல, ரெண்டு மாசம் போட்டே ஓட்டி, தையல் உரசி தொடையிடுக்கு புண்ணாகி, உப்பு வேர்வை பட்டு எரிஞ்ச எரிச்சல் இருக்கே, வீட்டுல வாய்விட்டு சொல்லவும் முடியல. பேட் நேரா ஒடம்புல படணும். ஆம்பளைங்க ஷார்ட்ஸ் வெல கம்மியா கெடச்சாலும் எடுக்காதீங்க, உக்கார்ற எலும்பு ரெண்டுக்கும் நடுவுல நமக்குப் பொதுவா இடைவெளி கூட, அதனால நம்ம பேட் பின்னாடி அகலமா இருக்கும்.

ஜெர்சி, அதான் மேல போடுற சைக்கிள் சட்டை, அந்தக் கதைதான் பெருசு. அழகா இருக்கணும்னு ஆசப்பட்டு இளம் ரோஸ்ல டைட்டா ஒண்ணு எடுத்தேன். பாம்பன் போறதுக்குள்ள வேர்வைல நனஞ்சு உள்ள போட்டது அப்படியே தெரியுது, ஒரு கை ஹேண்டில்ல, ஒரு கை சட்டைய இழுத்து விடுறதுலன்னு போனேன். அடுத்தது மயில்கழுத்து கலர், முழுக்கை, பாலியஸ்டர், இடுப்புக்குக் கீழ ஒரு சாண் எறங்குற மாதிரி எங்க தெரு டெய்லரக்கா தச்சுக் குடுத்தது. காட்டன் வேணாம், நம்ம கடக்கரை ஈரத்துல அது காயவே காயாது.

அதுலயும் ஒரு கொற இருந்துச்சு. 1988ல தெறந்த அந்த ரோட்டுப்பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல, ரெண்டு பக்கமும் வெறும் கடல், ஆடி மாசம் தெக்கருந்து அடிக்கிற காத்துல சட்டையோட சைடு ஓப்பன் படகுப் பாய் மாதிரி உப்பிக்கிட்டு வண்டியவே தள்ளும். ரெண்டு பக்கமும் டிச்சு பட்டன் வச்சதும் சரியாப் போச்சு.

அதப் போட்ட மொத வாரம், மல்லிகை நாத்து தோட்டத்துல பதியம் போட்டுக்கிட்டிருந்த ஒரு அம்மா நிமிந்து பாத்து, "ஏ தாயி, இந்தக் கலரு ஒனக்கு எடுப்பா இருக்கு"ன்னாங்க. எனக்கு வயசு 41. அன்னைக்கு நான் ஒரு தடவகூட சட்டைய இழுத்து விடல, நிமிந்து ஒக்காந்து ஓட்டுனேன், அழகா இருக்கேன்னு எனக்கே தெரிஞ்சுச்சு. இப்ப பின்னல தாழப் போட்டு ஹெல்மெட்டுக்குக் கீழ ரெண்டு கண்ணி பூவும் வச்சுக்கிறேன்.

நம்ம ஊருக்கு முக்கியமானது, மெட்டல் ஜிப்பு வேணவே வேணாம், உப்புக்காத்துல பச்ச பூத்து இறுகிரும், உள்பாடில இரும்பு ஹூக்கும் அப்படித்தான், துருக்கறை போகாது. ஓட்டி முடிச்சதும் நல்ல தண்ணில அலசிருங்க, வாசனைக்கு ஊத்துற லிக்விட் எதுவும் வேணாம், பேட உள்பக்கம் வெளிய தெரியுற மாதிரி திருப்பி நெழல்லயே காயப் போடுங்க. மொத ஷார்ட்ஸ மொட்டமாடி வெயில்ல போட்டே எலாஸ்டிக்க கெடுத்தேன், ஒரு வருஷங்கூட தாங்கல. ரெண்டாவது இன்னும் கிண்ணுன்னு இருக்கு, பேட் மட்டும் லேசா அமுங்கிருச்சு. டெய்லரக்காட்ட அரக்கு கலர்ல இன்னொரு சட்டைக்கு அளவு குடுத்துருக்கேன்.