கருங்காலியா, ஆப்பிரிக்கக் கருமரமா, ஈட்டியா?

கருப்பு மரம் தேடுகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது அளவை. செய்யப்போவது செஸ் காயா, மேசையா என்று தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

எபோனி எனப்படும் கருங்காலியில் வைரப் பகுதி மட்டுமே கருப்பு. அதைச் சுற்றியுள்ள பகுதி வெளுத்திருக்கும். துளைகள் மிக நுண்ணியவை என்பதால் மெருகுக்கு முன் எதையும் இட்டு அடைக்கத் தேவையில்லை. நைசான உப்புத்தாளில் தேய்த்தாலே கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வயலின் விரல்பலகைக்கு இதைத் தேடுவது அழகுக்காக மட்டுமல்ல, தந்தியும் விரலும் உரசி உரசித் தேயாமல் நிற்பதற்காகவும்தான். ஆனால் வேலைக்காரனைப் படுத்தும் மரம். அவசரமாக உலர்த்தினால் வெடிக்கும். அதனால் வெட்டுமுனைகளில் மெழுகு பூசி வைக்கிறார்கள். நார் திசை மாறும் இடத்தில் இழைப்புளி மேற்பரப்பைப் பிய்த்துவிடும், அங்கே சுரண்டுதகடுதான் கைகொடுக்கும். உளியும் சீக்கிரம் மழுங்கும்.

ஆப்பிரிக்கக் கருமரத்தை எபோனி என்று சொல்லி விற்பதுண்டு. உண்மையில் அது டால்பெர்ஜியா என்ற தாவரப் பேரினம், ரோஸ்வுட் எனப்படும் ஈட்டிக்கு உறவுக்காரன். கன மீட்டருக்குச் சுமார் 1,200 கிலோ. தண்ணீரில் போட்டால் மூழ்கும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ளதால் ஊதுபவரின் மூச்சு ஈரத்தைத் தாங்கும். கடைசலில் நுணுக்கமான துளையும் மரையும் உதிராமல் நிற்கும். கிளாரினெட், ஓபோ போன்ற ஊதுகருவிகள் இதில் செய்யப்படுவது அதனால்தான். அதே எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்ட வேண்டும். மரம் சிறியது, கோணலானது. அகலப் பலகையை இதில் எதிர்பார்க்காதீர்கள்.

மேசை, அலமாரி என்றால் என் தேர்வு ஈட்டிதான். எடை கன மீட்டருக்குச் சுமார் 830 கிலோ, ஊதா கலந்த பழுப்பில் கருங்கோடுகள், அகலமும் கிடைக்கும். துளைகளை மட்டும் அடைத்துவிட்டு மெருகேற்றுங்கள். வெங்கே என்ற ஆப்பிரிக்க மரம்? அது பழுப்பு, சிராய் ஏறும், வெளிச்சத்தில் நிறமும் வெளிறும்.

டால்பெர்ஜியா வகைகள் 2017 முதல் சைட்டிஸ் (அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் இருக்கின்றன. எல்லை தாண்டி அனுப்புவதென்றால் அனுமதிச் சீட்டு தேவை. முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்குப் பெரும்பாலும் 2019-இல் விலக்கு கிடைத்தது. எந்த மரமானாலும் தூள் தோலையும் மூச்சையும் உறுத்தும், முகக்கவசம் போடுங்கள்.

வெறும் கருப்பு நிறம் போதுமா? சரி, இரும்புக் கம்பிச் சுருளை வினிகரில் ஊறவைத்து, அந்த நீரை ஓக் பலகையில் பூசுங்கள். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதோடு சேர்ந்து கருத்துவிடும்.